கத்திரி வெயிலில் ஒரு கூடை காய்

விடியற்காலையில் தோட்டத்தில் அறுத்த கீரைக்கட்டு சித்திரை மாதத்தில் பகல் பதினொரு மணிக்கே தலை சாய்ந்துவிடும். அதே கட்டு மார்கழியில் சாயங்காலம்வரை நிமிர்ந்து நிற்கும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் கோடையில் காய்கறி வாங்குகிறவர்கள் முதலில் கணக்கில் வைக்க வேண்டியது இந்த வேகத்தைத்தான். மே மாதத் தொடக்கத்தில் கத்திரி பிறந்து மாதக் கடைசியில் கழியும்வரை வெயில் 38, 40 டிகிரி என்று நிற்கும். அந்த நாட்களில் வாங்கி வந்த பையை அடுப்படி மூலையில் வைத்துவிட்டு, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி ருசி அங்கேயே போய்விடும்.

ஆனால் எங்கள் பக்கம் காய் மலிவதும் கோடையில்தான். முருங்கை கொத்துக்கொத்தாகத் தொங்கும். நாட்டு மாங்காய் கொட்டை பிடிக்கத் தொடங்கும். வடகாடு, கீரமங்கலம் பக்கமிருந்து பலா வந்து இறங்கும். கத்தரி, வெண்டை, கொத்தவரை, புடலை, வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் உள்ள தோட்டங்களிலிருந்து உழவர் சந்தைக்கும் வாரச் சந்தைக்கும் வரும். இலையை வாட்டுகிற இந்த வெயில்தான் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு வேண்டிய வற்றலையும் போட்டுத் தருகிறது.

ஒரு கூடை காய் வீட்டுக்கு வந்ததும் அதை மூன்று பங்காகப் பிரித்துவிட வேண்டும். இன்றைக்கும் நாளைக்கும் சமைப்பது ஒரு பங்கு. நாலைந்து நாள் இருக்க வேண்டியது ஒரு பங்கு. வற்றலுக்கும் தொக்குக்கும் போவது ஒரு பங்கு. வந்த அன்றைக்கே, முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள், இதைப் பிரித்துவிட வேண்டும். நாலு நாள் கழித்து ஃபிரிட்ஜில் வாடிக் கிடப்பதை எடுத்து வற்றல் போடுவதால்தான் பல வீடுகளில் வற்றல் கறுத்தும் பூத்தும் போகிறது. வற்றலுக்குத் தனியாக, அன்று பறித்த, அடிபடாத காயாகவே ஒதுக்க வேண்டும். மிச்சம் மீதியைக் கூட்டிலோ குழம்பிலோ போட்டுத் தீர்த்துவிடலாம்.

வாங்கும்போது

வெண்டைக்காயின் நுனி படக்கென்று ஒடிய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கத்தரிக்குக் காம்பைப் பார்க்க வேண்டும். காம்பும் அதன் தொப்பியும் பச்சையாக, முள் குத்துகிற மாதிரி இருந்தால் அன்று பறித்தது. தொப்பி சுருங்கிப் பழுப்பாக இருந்தால், தோல் எவ்வளவு பளபளத்தாலும் இரண்டு மூன்று நாள் ஆனது. முருங்கைக்காயை இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கிப் பார்த்தால் பிஞ்சு வளைந்து கொடுக்கும், முற்றல் விறைத்து நிற்கும். கொத்தவரையை வளைத்தால் நார் இழுக்காமல் ஒடிய வேண்டும். கொத்தமல்லியும் கீரையும் வேரோடு உள்ள கட்டாகவே எடுக்க வேண்டும். வேர் இருக்கும்வரை தண்டில் ஈரம் இருக்கும். வேரை வெட்டிக் கட்டியவை கோடையில் அன்றைக்கே வாடிவிடும்.

கொண்டுவரும் விதத்தில்தான் நிறையக் கெடுகிறது. பாலிதீன் பையில் கீரையை அடைத்து, வாயை முடிந்து, வண்டியின் முன்கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்தால், வீட்டுக்கு வருவதற்குள் பைக்குள் இலை வெந்துவிடும். பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது, அந்த மூச்சோடு சூட்டையும் வெளியே விடுகிறது. இறுக்கிக் கட்டிய கட்டின் நடுவில் கைவைத்துப் பார்த்தால் அந்தச் சூடு தெரியும். பனை ஓலைக் கூடையோ துணிப்பையோ நல்லது. கனமான பூசணி, மாங்காய் அடியில், கத்தரி, வெண்டை நடுவில், கீரை மேலே, அதற்கு மேல் நனைத்துப் பிழிந்த துண்டு. இப்படி வந்தால் கீரை துவளாது.

முதல் ஒரு மணி நேரம்

தோட்டத்துச் சூடு காயைவிட்டு இறங்க வேண்டும். வந்ததும் பையைப் பிரித்து, பட்டாசாலையிலோ, வெயில் படாத எந்தத் தரையிலோ, சாக்கு அல்லது பாய் மேல் பரப்பிவிட வேண்டும். கீரைக்கட்டின் வாழைநாரை அவிழ்த்துவிட வேண்டும். சூடு ஆறாத காயைப் பையோடு ஃபிரிட்ஜுக்குள் தள்ளினால் உள்ளே வியர்த்து, அந்த வியர்வைத் துளி பட்ட இடத்திலிருந்தே அழுகல் தொடங்கும்.

வாடிய கொத்தமல்லி, புதினா, தண்டுக்கீரை எல்லாம் முக்கால்வாசி திரும்பிவிடும். அடித்தண்டை அரை அங்குலம் சாய்வாக நறுக்கிவிட்டு, மண்பானைத் தண்ணீர் ஊற்றிய சொம்பில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் போதும். வாட்டம் என்பது தண்ணீர் குறைந்ததுதான், இலை இன்னும் சாகவில்லை. ஆனால் இலை கரும்பச்சையாகி, கண்ணாடி மாதிரி ஊடே தெரிந்தால் அது வெந்துபோன இலை. அதைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும், ஒன்று இருந்தால் கட்டு முழுவதையும் கெடுக்கும்.

கழுவுவது சமைக்கும்போதுதான். வைக்கப்போகிற எதையும் கழுவி வைக்கக் கூடாது, முக்கியமாக வெண்டைக்காயை. வெண்டையில் ஈரம் பட்டால் ஒரே இரவில் வழவழத்துக் கறுப்புப் புள்ளி விழும். கீரையைக் கழுவும்போது ஒரு விஷயம்: அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்து, கீரையை அமுக்கி அலசி, கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்ப இலைமேலேயே ஏறும். கோடைக் கீரைக்கு மூன்று தண்ணீர். மூன்றாவது தண்ணீரின் அடியில் விரலை வைத்தால் மண் நெருடக் கூடாது.

எது ஃபிரிட்ஜுக்கு, எது வெளியே

ஃபிரிட்ஜ் என்றால் எல்லாக் காய்க்கும் நல்லது என்ற எண்ணம் சரியில்லை. நம் வீட்டு ஃபிரிட்ஜின் உள்ளே நாலைந்து டிகிரிதான் இருக்கும். கீரை, கொத்தமல்லி, புதினா ஆகியவை இந்தக் குளிரை விரும்புகின்றன. கத்தரி, வெண்டை, வெள்ளரி மூன்றும் வெப்ப நாட்டுக் காய்கள். ஏறக்குறைய பத்து டிகிரிக்குக் கீழே போனால் அவற்றுக்குக் குளிர் அடித்துவிடும். கத்தரித் தோலில் பள்ளம் விழும், உள்ளே விதை பழுப்பாகும். வெள்ளரி தண்ணீராகக் கசியும். வெண்டையில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். இது அழுகல் அல்ல, குளிர்க் காயம். ஃபிரிட்ஜைவிட்டு வெளியே எடுத்த பிறகுதான் முழுக்க வெளிப்படும். ஆகவே இந்த மூன்றையும் இரண்டு நாளுக்குள் சமைக்கிற பங்கில் சேர்ப்பதே சரி. வேறு வழியில்லை என்றால், காகிதத்தில் சுற்றி அடித்தட்டுக் காய்கறிப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பழுக்காத தக்காளியையும் ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. அது பிறகு வெளியே வந்தாலும் ஒழுங்காகப் பழுக்காது, மணமும் வராது.

இன்னொரு சங்கதி, பழுக்கிற பழத்தின் பக்கத்தில் கீரையை வைக்கக் கூடாது. மாம்பழம், வாழைப்பழம், பழுத்த தக்காளி ஆகியவற்றிலிருந்து எத்திலீன் என்ற வாயு வருகிறது. அது பட்டால் கீரை மஞ்சளாகும், பாகற்காய் பழுத்து வெடிக்கும், வெள்ளரிப்பிஞ்சு மஞ்சள் பூக்கும். கோடையில் வீடு முழுக்க மாம்பழ வாசம் அடிக்கும். பழத்துக்கு ஒரு அறை, இலைக்கு ஒரு அறை என்று பிரித்துவிடுவது நல்லது. முருங்கைக்கீரை உதிர்வதற்கும் இந்த வாயுதான் பெரிய காரணம். இரவில் துணியில் இறுகச் சுற்றி வைத்தால் காலையில் உதறினாலே இலை கொட்டிவிடும், உருவுகிற வேலை மிச்சம். உதிர்ந்த இலையை அன்று மதியத்துக்குள் சமைத்துவிட வேண்டும். அகத்திக்கீரைக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது, வாங்கின வேளையிலேயே அடுப்பேற வேண்டும்.

ஃபிரிட்ஜுக்கும் வெளி வெப்பத்துக்கும் நடுவில் ஓர் இடம் வேண்டுமென்றால் பானைக்குள் பானை வைக்கலாம். மெருகு பூசாத இரண்டு மண்பானைகள், ஒன்றுக்குள் ஒன்று போய், சுற்றிலும் மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். பெரிய பானையின் அடியில் மூன்று விரல் உயரம் ஆற்றுமணல், அதன்மேல் சின்னப் பானை, சுற்று இடைவெளி முழுக்க மணல். மணல் நனைகிற அளவுக்குக் காலையும் மாலையும் தண்ணீர். வாய்க்கு நனைத்த சாக்கு அல்லது கெட்டித் துணி. வெயில் படாத, ஆனால் காற்றோட்டம் நன்றாக உள்ள இடத்தில், முக்காலி மேல் வைக்க வேண்டும். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் உருவாக்கிய, மின்சாரம் வேண்டாத குளிர் அறையும் இதே விதிப்படிதான் வேலை செய்கிறது. அங்கே பானைக்குப் பதில் இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் நனைந்த மணல்.

தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதுதான் இதன் சூட்சுமம். ஆகவே எங்கள் பக்கத்து வறண்ட கோடைக் காற்றில் நன்றாக வேலை செய்யும். மழைக்கு முன்னால் புழுக்கமாக இருக்கும் நாளில் அவ்வளவாகக் குளிராது. கதவு சாத்திய அறைக்குள் வைத்தாலும் பயன் இல்லை. உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் வெளிப்பானையில் வெள்ளையாகப் படிந்து துளைகளை அடைக்கும். வாரம் ஒருமுறை மணலைக் கொட்டிவிட்டு, பானையைத் தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் காயவைத்து மறுபடி அடுக்க வேண்டும். கத்தரியும் வெண்டையும் புடலையும் இதில் நாலு நாள் நிற்கும்.

கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை

கோடையில் கொத்தமல்லி சீக்கிரம் பூத்துவிடும், இலை சிறுத்துக் காரமாகும். வரத்தும் குறையும், விலையும் ஏறும். ஆகவே ஒரு கட்டு கிடைத்தால் வீணாக்கக் கூடாது. மஞ்சள் இலையை ஆய்ந்து, வேரில் உள்ள மண்ணை உதறி, வேரை மட்டும் ஈரத்துணியில் சுற்றி, மேலே முழுக் கட்டையும் உலர்ந்த மல் துணியில் சுருட்டி, மூடி உள்ள டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் பச்சையாக இருக்கும். இலையில் ஈரம் கூடாது, வேரில் ஈரம் வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து பார்த்து, துணி நனைந்திருந்தால் மாற்ற வேண்டும். வேரையும் அடித்தண்டையும் தூக்கிப் போட வேண்டாம், நசுக்கி ரசம் கொதிக்கும்போது போட்டு, இறக்கும்போது எடுத்துவிடலாம்.

புதினாவைச் சொம்புத் தண்ணீரில் பூச்செண்டு போல நிறுத்தி, தினம் தண்ணீர் மாற்றினால் வெளியிலேயே மூன்று நாள் இருக்கும், சில தண்டு வேரும் விடும். அதைத் தொட்டியில் நட்டு, மதிய வெயில் படாத முற்றத்து ஓரத்தில் வைத்துவிட்டால் அடுத்த மாதம் சந்தையில் வாங்க வேண்டியதில்லை. நிறைய வந்துவிட்டால் தொக்கு. ஆய்ந்து, கழுவி, துணியில் ஈரம் போகப் பரப்பிய இலை 200 கிராம், புளி 50 கிராம், காய்ந்த மிளகாய் 12, நல்லெண்ணெய் 150 மில்லி, கல்லுப்பு இரண்டு தேக்கரண்டி. இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் மிளகாயை வறுத்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் இலையைச் சுருள வதக்கி ஆறவிடவும். புளியைக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்து, வேறு தண்ணீர் சேர்க்காமல் எல்லாவற்றையும் உப்போடு கெட்டியாக அரைக்கவும். மிச்ச எண்ணெயைக் காயவைத்துக் கடுகு, பெருங்காயம் தாளித்து, விழுதைப் போட்டுச் சிறுதீயில் பதினைந்து இருபது நிமிடம் கிளற வேண்டும். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும். அதற்கு முன்னால் இறக்கினால் உள்ளே ஈரம் இருக்கும், ஒரு வாரத்தில் புளித்த வாடை வரும். முழுக்க ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் போட்டு, ஈரமில்லாத கரண்டியே பயன்படுத்தி, ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பச்சை இலையையோ பச்சைப் பூண்டையோ அப்படியே எண்ணெயில் மூழ்கவைத்து வெளியில் வைப்பதை இப்போது பலர் செய்கிறார்கள். அது ஆபத்து. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, புளிப்பும் இல்லை, அந்த இடத்தில்தான் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து நஞ்சு உண்டாக்கும். பார்வைக்கும் வாசனைக்கும் ஒன்றும் தெரியாமல் போகலாம். தொக்கில் புளியையும் உப்பையும் குறைக்காதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

கறிவேப்பிலைக்கு இரண்டு வழி. ஈர்க்கோடு கழுவி, வேட்டியில் பரப்பி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்ந்ததும் உருவி, காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரீஸரில் வைக்கலாம். எடுத்தவுடன், உருகவிடாமல், நேராகத் தாளிப்பில் போட வேண்டும். வெளியே வைத்து உருகினால் கறுத்துவிடும். இரண்டாவது, நிழலில் உலர்த்துவது. கோடையில் விசிறிக்கு அடியில் இரண்டு மூன்று நாளில் இலை சருகாகும், கையில் நொறுங்கும். வெயிலில் போடவே கூடாது. பச்சை வெளுத்து, மணமெண்ணெயும் பறந்து, வைக்கோல் வாடைதான் மிஞ்சும். முருங்கைக்கீரை, புதினா உலர்த்துவதற்கும் இதே சட்டம். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பு இதற்கு அவ்வளவு வசதி: வளவு என்கிற உள்முற்றத்தின் நடுவில் முழு வெயில், சுற்றுத் தாழ்வாரத்தில் நிழலும் காற்றும். காய்க்கு நடு வளவு, இலைக்குத் தாழ்வாரம்.

இன்றைக்கே சமைப்பதில் ஒன்று

வெண்டைக்காய் நிறைய வந்தால், அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்துச் செய்யும் மண்டி என்கிற குழம்பு வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. புளியும் மிளகாயும் சேர்வதால் இரண்டாம் நாளும் நன்றாக இருக்கும். வெண்டை 300 கிராம், சின்ன வெங்காயம் 20, பூண்டு 10 பல், கீறிய பச்சை மிளகாய் 7, தக்காளி 1, எலுமிச்சை அளவு புளி, அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் மூன்று டம்ளர். முதல் தண்ணீரில் தூசி இருக்கும், மூன்றாவதில் கெட்டி இருக்காது, அதனால்தான் இரண்டாவது. புளியை அந்தத் தண்ணீரிலேயே கரைத்துக்கொள்ள வேண்டும். வெண்டையைக் கழுவித் துடைத்து ஓர் அங்குலத் துண்டாக நறுக்கி, இரண்டு கரண்டி எண்ணெயில் தனியாக, மூடாமல், வழவழப்பு நூல் அறும்வரை வதக்கி எடுத்துவிடவும். மூடினால் ஆவி இறங்கி நூல் அறவே அறாது. பிறகு கடுகு, உளுந்து, வெந்தயம் தாளித்து, வெங்காயம், பூண்டு, மிளகாய், தக்காளி வதக்கி, கரைத்த தண்ணீரை உப்போடு ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். பச்சை வாடை போய்க் குழம்பு பாதி கெட்டியானதும் வெண்டையைப் போட்டு ஐந்து நிமிடம். அடி பிடிக்கும் சரக்கு இது, அரிசித் தண்ணீர் என்பதால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு காயிலும் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சினால் கத்தரி, முருங்கை, மாங்காய், பலாக்கொட்டை எல்லாம் சேர்த்துப் பலகாய் மண்டியாக்கலாம்.

பலாக்கொட்டையை வைப்பதும் எளிது. சுளை எடுத்த கொட்டையைக் கழுவி, வழவழப்புப் போக நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, செம்மண் குழைத்துப் பூசிக் காயவைத்துப் பானையில் போட்டுவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். காய்ந்த மணலில் புதைத்தும் வைக்கலாம்.

வற்றல்

செட்டிநாட்டுச் சமையலில் வற்றலுக்கு உள்ள இடம் பெரியது. மாவற்றல், கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல், சுண்டை, மணத்தக்காளி, மோர் மிளகாய் என்று ஆச்சிமார் ஜாடி ஜாடியாகப் போட்டு வைப்பது சும்மா இல்லை. ஐப்பசி மழையில் தோட்டத்துக் காய் குறையும் நாட்களில் குழம்பு இவற்றை நம்பித்தான்.

மாவற்றலுக்கு நல்ல புளிப்புள்ள நாட்டு மாங்காய் வேண்டும். கொட்டை உருவாகி, ஆனால் அரிவாள்மனைக்கு இன்னும் வழிவிடுகிற பருவம். பிஞ்சானால் காய்ந்து தோலாகும், முற்றினால் ஓடு வெட்டுப்படாது, பழுக்கத் தொடங்கியிருந்தால் இனிப்பேறிச் சிவந்து பிசுபிசுக்கும். தோலோடும் ஓட்டோடும் நீளத் துண்டுகளாக நறுக்கி, உள்ளே உள்ள பருப்பையும் அதை ஒட்டிய மெல்லிய சவ்வையும் எடுத்துவிட வேண்டும். சவ்வு தங்கினால் பின்னால் கசக்கும், பூஞ்சைக்கும் அதுதான் முதல் இடம். துடைத்து நறுக்கிய மாங்காய் ஒரு கிலோவுக்குக் கல்லுப்பு 120 கிராம், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி. பீங்கான் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, மூன்று நாள். தினமும் காலையில் ஜாடியைக் குலுக்கி, அடித்துண்டு மேலே வரும்படி புரட்ட வேண்டும். உப்பு மாங்காயின் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டு வரும். இரண்டாம் நாளே ஜாடியில் தண்ணீர் தெரியும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், உப்பும் புளிப்பும் அதை அரிக்கும்.

நாலாம் நாள் துண்டுகளைப் பிழியாமல் அள்ளி, பனை ஓலைப் பாய் மேல் விரித்த வேட்டியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்ப வேண்டும். உப்புத் தண்ணீரையும் ஜாடியோடு வெயிலில் வைக்கலாம். சாயங்காலம் துண்டுகளைத் திரும்ப அந்தத் தண்ணீரிலேயே போட வேண்டும். மறுநாள் மறுபடி வெயில். தண்ணீர் முழுக்கத் துண்டுக்குள் ஏறும்வரை இப்படியே மூன்று நாலு நாள். பிறகு தண்ணீரில் போடாமல், நல்ல வெயிலில் நாலைந்து நாள். கடைசியில் துண்டு சுருங்கி, ஓரம் உள்பக்கம் மடங்கி, மேலே லேசாக உப்புப் பூத்திருக்கும். வளைத்தால் முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு உடையும். தொட்டால் விரலில் ஒட்டினால் இன்னும் வெயில் வேண்டும்.

கத்தரிக்கும் கொத்தவரைக்கும் வெந்நீர் வேண்டும். கத்தரியை நாலாகப் பிளந்து, புளித்தண்ணீர், உப்பு, மஞ்சள் சேர்த்துக் கொதிக்கும் நீரில் போட்டு, முக்கால் வேக்காட்டுக்கு முன்னால், நகம் இறங்கியும் இறங்காமலும் இருக்கும் பதத்தில் வடித்துவிட வேண்டும். கொத்தவரைக்கு மூன்று நிமிடம் போதும். இந்த வேக்காடு இல்லாமல் பச்சையாகக் காயப்போட்டால் காய்க்குள் இருக்கும் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். நிறம் கறுக்கும், காய்ந்த பிறகும் வைக்கோல் ருசி வரும். அதிகம் வெந்துவிட்டால் துணியில் ஒட்டிக் கிழியும். கத்தரியில் புழு இருக்கும் துண்டைத் தயங்காமல் ஒதுக்குங்கள்.

சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் மோரில் போடுவதற்கு முன் சுண்டையை லேசாகத் தட்டி வாய் பிளக்கவைக்க வேண்டும். பிளக்காத காய்க்குள் உப்பு ஏறாது, பொரிக்கும்போது எண்ணெயில் வெடித்துத் தெறிக்கும். மோர் மிளகாய்க்குப் பக்கத்து ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் அருமையாக இருக்கும் (2023இல் புவிசார் குறியீடு பெற்றது அது). ஒரு கிலோ பச்சை மிளகாய்க்கு ஒரு லிட்டர் கெட்டிப் புளித்த மோர், 150 கிராம் கல்லுப்பு. காம்பை எடுக்காமல், அடியில் மட்டும் ஒரு கீறல். இரவில் மோரில், பகலில் வெயிலில், மோர் தீரும்வரை. காம்பைக் கிள்ளிவிட்டால் அந்தத் துளை வழியே எண்ணெய் குடிக்கும்.

வெயிலில் போடுவதிலும் முறை இருக்கிறது. காலை எட்டரைக்கு மேல், தரை ஈரம் போன பிறகு பரப்பி, நாலு மணிக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். இரவு வெளியே விட்டால் பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கு திரும்ப ஏறிவிடும். மதியம் ஒருமுறை கட்டாயம் புரட்ட வேண்டும். தடித்த துண்டு போட்டால், கத்திரி வெயிலில் மேல்தோல் சட்டென்று இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டுப் போகும். வெளியே கல் மாதிரி இருக்கும், ஒரு மாதத்தில் உள்ளிருந்து பூஞ்சை வரும். ஆகவே முதல் நாள் காய்ந்ததும், இரவில் துணியில் மூட்டையாகக் கட்டி வைப்பது நல்லது. உள் ஈரம் வெளியே வந்து சமமாகும், மறுநாள் வெயில் அதை இழுக்கும். கோடை மழை சொல்லாமல் வரும். மதியம் மேற்கே கருத்தாலே தூக்கிவிடுங்கள். நனைந்துவிட்டால் துடைத்து, விசிறிக்கு அடியில் பரப்பி, மறுநாள் வெயிலில் போடலாம். இரண்டு நாள் வெயிலே வராவிட்டால், மாவற்றல் போன்ற உப்பேறிய வற்றலை மட்டும் ஜாடியில் திரும்பப் போட்டு ஒரு பிடி உப்பு கூடச் சேர்த்துக் காத்திருக்கலாம். கத்தரியும் கொத்தவரையும் அப்படிக் காத்திருக்காது, அன்றே குழம்பில் போட்டுவிடுவதுதான் நல்லது.

எடுத்து வைக்கும் முன் ஒரு சோதனை. வற்றலை நிழலில் நன்றாக ஆறவிட்டு, ஒரு கைப்பிடியைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி, இரவு முழுக்க வைக்க வேண்டும். காலையில் பாட்டிலின் உட்புறம் லேசாகப் பனித்திருந்தாலும் வற்றல் காயவில்லை, மொத்தத்தையும் இன்னும் இரண்டு வெயில் காயவைக்க வேண்டும். வெயில் சூட்டோடு ஜாடியில் அடைத்தாலும் இதே வியர்வை வரும். மாவற்றலும் மோர் மிளகாயும் பீங்கான் ஜாடியில். கத்தரி, கொத்தவரை மாதிரி உப்புக் குறைந்தவை காற்றுப்புகாத கண்ணாடியில். ஓலைக் கொட்டான் பார்க்க அழகு, வெயில் காலத்துக்குப் போதும், ஆனால் மழைக் காலத்தில் காற்றின் ஈரம் அதற்குள் நுழைந்துவிடும்.

பூஞ்சை ஒரு துண்டில் தெரிந்தாலும் அதை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்த வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் மற்றதிலும் பரவியிருக்கும், சில பூஞ்சைகள் விடும் நஞ்சு பொரித்தாலும் போகாது. ஜாடி முழுவதையும் கொட்டி, வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். பூச்சி விழுந்தால்தான் மறுவெயில் உதவும், பூஞ்சைக்கு உதவாது.

புரட்டாசி பிறந்ததும் எல்லா ஜாடியையும் இறக்கி, ஒரு முழுநாள் வெயில் காட்டி, ஆறவிட்டுத் திரும்ப அடைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு நம்பகமான வெயில் கிடைக்காது. ஜாடியிலிருந்து எடுக்கும்போது கை ஈரமாக இருக்கக் கூடாது, மழை பெய்துகொண்டிருக்கும்போது ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கவும் கூடாது.

மாவற்றலைக் குழம்பில் போடும்போது நாலு பேருக்கு ஆறு துண்டு போதும். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒருமுறை அலசிவிட்டுப் போட வேண்டும். கீரைத்தண்டும் மாவற்றலும் நல்ல சேர்க்கை: தண்டு முக்கால் வெந்த பிறகு வற்றலைப் போட வேண்டும். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் தண்டு எவ்வளவு கொதித்தாலும் வேகாமல் நார்நாராக நிற்கும். புளியை வழக்கத்தில் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். உப்பை மட்டும் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால், ருசி பார்த்த பிறகு போட்டால் போதும்.